போதாது என்பதற்கு ஓர் உதாரண வாக்கியம்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஓர் அகராதிக்கான உதாரண வாக்கியமாகத்தான் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்கள், "என்னய்யா இது, கதை சொல்வாய் என்று பார்த்தால் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்" என்று சலித்துக்கொண்டால், நான்தான் அப்போதே சொன்னேனே என்று தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

ஒரு பதிப்பகம் தன் பழைய ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அதன் தலைமைத் தொகுப்பாளர் எனக்குப் பழக்கம். "நீங்க கதை எழுதுறவராச்சே, உதாரண வாக்கியமெல்லாம் உங்களுக்கு எம்மாத்திரம்?" என்று சொல்லி ஒரு கட்டுச் சொற்களை என் தலையில் கட்டிவிட்டார். கதை எழுதுகிறவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை. கொஞ்ச காலமாகவே எதையும் மறுக்கும் தெம்பு எனக்கு இல்லை.

எனக்கு வந்த கட்டில் மூன்று சொற்கள் அண்ணன் தம்பிகள்போல ஒட்டி உட்கார்ந்திருந்தன. இன்சஃபிஷியன்ட், இன்அடிகுவேட், டெஃபிஷியன்ட். பழைய பதிப்பில் மூன்றுக்கும் எதிரே அலுப்பில்லாமல் ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள்: போதாத. போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவருக்கும் தலைவலியாக இருந்திருக்கும்.

2

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. வாக்கியம் எழுத உட்கார்ந்தால்தான் அது கையைக் கடிக்கிறது.

இன்சஃபிஷியன்ட் என்பது அளவைப் பற்றியது. குடம் நிறையத் தண்ணீர் வேண்டும், அரைக் குடம்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் தீர்ந்தது விவகாரம். யார்மேலும் பழி இல்லை.

இன்அடிகுவேட் வேறு ரகம். கொட்டுகிற மழையில் ஒருவர் மெல்லிய சட்டையோடு நிற்கிறார். இன்னொரு மெல்லிய சட்டை கொடுத்தால் ஆயிற்றா? ஆகாது. இருப்பது, வந்திருக்கும் காரியத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பொருளைப் பற்றிச் சொன்னால் பரவாயில்லை, மனிதரைப் பற்றிச் சொன்னால் அவர் அன்று இரவு சரியாகத் தூங்கமாட்டார்.

டெஃபிஷியன்ட் மருத்துவர் வாயில் அதிகம் வரும். உள்ளே இருந்தாகவேண்டிய ஒன்று இல்லை. இரத்தத்தில் இரும்பு, எலும்பில் சுண்ணாம்பு என்பதுபோல. பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார்.

[இதே குடும்பத்தில் இன்காம்பிடன்ட் என்று ஒருவர் உண்டு. வேலை தெரியாதவர் என்று பச்சையாகச் சொல்வது. அவரை இந்தக் கதைக்குள் விடவில்லை. விட்டால் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி வரும்.]

நாமோ எல்லாவற்றுக்கும் போதாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். உப்பு போதாது, நேரம் போதாது, அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. எல்லாம் சேர்ந்து வந்தால் போதாத காலம். கேட்கிறவருக்கும் புரிந்துவிடுகிறது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து எந்தப் போதாது என்று எடுத்துக்கொள்கிறோம். அகராதிக்குத்தான் முகம் பார்க்கத் தெரியவில்லை.

3

எழுதிப் பார்த்தவை:

"இந்தத் துணிக்குச் சோப்புத் தூள் போதாது." [சரிதான். ஆனால் இதை யார் படிப்பார்கள்?]

"உங்கள் விளக்கம் போதாது என்று மேலாளர்" [மேலாளர்கள் வேண்டாம். போதும்.]

"அவர் தன் மகளைப் பார்த்துக்கொள்ளும் விதம் போதாது என்று அதிகாரி"

இங்கே நின்றுவிட்டேன். அதிகாரி எந்த மொழியில் சொன்னார்? ஆங்கிலத்தில் என்றால் மூன்றில் எதைச் சொன்னார்? அந்த அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியுமா? தெரியாது என்றே எனக்குப் பட்டது. அப்படியானால் இருவருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டதும் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புக்குள் குதிகாலை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டாள். நாள் முழுக்க நடந்தவள் என்று தெரிந்தது.

வாய்வழி மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனை, நீதிமன்றம், இதுபோன்ற அலுவலகங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் மேற்கொண்டு கதை புரியாது. பேசுகிறவர் "எனக்கு வலிக்கிறது" என்றால், இவளும் ஆங்கிலத்தில் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்லவேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் கருத்து என்று மூச்சு விடக் கூடாது. ஒரே நாளில் அவள் காலையில் கர்ப்பிணியாக இருப்பாள், மதியம் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் பெரியவராக இருப்பாள், மாலையில் "நான் அந்த சைக்கிளைத் திருடவே இல்லை ஐயா" என்று அடித்துச் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பதில்லை. கணவன் கேட்டுச் சிரிக்கும் நிலையில் இல்லை.*

* பக்கவாதம். ஒரு பக்கக் கையும் காலும் பேச்சில் பாதியும் போய்விட்டன. எழுத்தாளனுக்கு இது வசதியான நோய் என்று எனக்கே தோன்றுகிறது. மாற்றிப் பார்த்தேன். வெளியூரில் வேலை என்று வைத்தேன், ஊதாரி என்று வைத்தேன். இரண்டிலும் அவள் களைப்பு பொய்யாகத் தெரிந்தது. ஆகவே நோயே இருக்கட்டும்.

4

அந்த அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அடுக்கும் வேலை. விருந்தினர் எழுவதற்கு முன்பே விரிப்புகள் தயாராக வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகு முன்னதாகவே போய்விடுவார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்குச் சிறு வயது, பால் பல் விழுந்துகொண்டிருக்கும் பருவம். பள்ளிச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு, சீருடையைத் தேய்த்து நாற்காலிமேல் வைத்து, அலாரமும் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அலாரம் அடிக்கும் முன்பே குழந்தை தானாக விழித்து, நேரமாகிவிட்டது என்று பதறி, உடுத்திக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடியிருக்கிறது. வானம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே அது உட்கார்ந்திருந்ததைக் காவலாளி பார்த்தார். அதிலிருந்து விவகாரம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனது. இப்போது குழந்தை வேறொருவர் வீட்டில், அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. திருப்பித் தருவார்களா என்பதற்கான பேச்சுதான் இன்றைக்கு.

அப்பா போட்டு வந்த சட்டை அப்பளமாக மொடமொடத்தது. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார், கசங்கிவிடுமே என்று. வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அவர் மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நான் என்ன சொன்னா பொண்ண குடுப்பாங்க?"

"நான் அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. நீங்க பேசுறத அப்படியே சொல்றதுதான் என் வேலை."

"இல்ல, நீங்க நிறைய பேர பாத்திருப்பீங்க. அதான் கேட்டேன்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்னது உண்மை. என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உங்களுக்கும் தெரியவேண்டும். இந்த அலுவலகத்தைக் கட்டியவன் நான், ஆகவே இங்கே நான் வைத்ததுதான் சட்டம். உலகத்தில் வேறெங்கும் இப்படியா என்று கேட்காதீர்கள். கவனிப்பு இன்சஃபிஷியன்ட் என்று பதிவானால், காலையில் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளரை அனுப்புவார்கள், குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். இன்அடிகுவேட் என்றால் குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கும், விசாரணை இழுக்கும். டெஃபிஷியன்ட் என்றால் அப்பாவிடம் இல்லாதது என்ன என்று ஆலோசகர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை குழந்தை காத்திருக்கும்.

5

அதிகாரி விஷயத்தில்தான் எனக்குத் திண்டாட்டம்.

முதல் வரைவில் அவரை ராட்சசியாக எழுதினேன். மெல்லிய உதடு, கூர்மையான பேனா, குழந்தை இல்லாதவர். [இந்தக் கடைசி விவரத்துக்காக வெட்கப்படுகிறேன்.] மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கெட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டால் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் பாதிக் களைப்பு தீர்ந்துவிடும். ஆனால் மறுநாள் படித்தபோது அறைக்குள் அவர் ஒருவர் மட்டும் அட்டையில் செய்தவராகத் தெரிந்தார். அடித்துவிட்டேன். இப்போது அவருக்கு ஜலதோஷம். மேசையில் வெந்நீர்க் குடுவை இருக்கிறது. குழந்தையைப் போய்ப் பார்த்தவர், அப்பாவை மரியாதையாக உட்காரச் சொன்னவர். கேட்பதை நிதானமாகக் கேட்கிறார், சொல்வதைக் கணினியில் அப்படியே தட்டுகிறார். நல்லவர்தான். நல்லவராக இருப்பதால் காரியம் சுலபமாகிவிடவில்லை.

இந்த இடம் வரைக்கும் எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பள்ளி ஆசிரியை. திருத்தவேண்டிய விடைத்தாள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இவ்வளவு பேரு போதும் போதாதுன்னு பேசுறீங்க. அந்தப் பொண்ணு வாயத் தொறக்கவே இல்லையே."

"அது குழந்தைம்மா."

"அதனால?"

ஆகவே அடுத்து வருவது அவளுக்காகச் சேர்த்தது. அதிகாரி குழந்தையைப் போய்ப் பார்த்தபோது, வீட்டில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். குழந்தைக்குப் பள்ளியில் கற்ற ஆங்கிலம் உண்டு, நடுவில் ஆள் தேவைப்படவில்லை. அது கொஞ்சம் யோசித்து, காலையில் யாராவது என்னை எழுப்பவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை. அதிகாரி இதைக் கணினியில் ஏற்றிவிட்டார். ஆனால் குழந்தை சொன்னதைப் பெற்றவரிடம் காட்டக் கூடாது என்பது விதி, ஆகவே அப்பாவுக்கு இது தெரியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் தெரியாது. அந்த அறையில் இருக்கும் மூவரில் அதிகாரிக்கும், வெளியே உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"இப்ப சரியா?" என்று கேட்டேன். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு விடைத்தாளுக்குப் போய்விட்டாள்.

6

தவறு நடந்தது இப்படி.

அன்று காலை மொழிபெயர்ப்பாளரின் நாத்தனார் தன் தம்பியை, அதாவது இவள் கணவனை, பார்க்க வந்திருந்தார். படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, தம்பியைப் புரட்டி முதுகைப் பார்த்தார். படுத்தே கிடந்து தோல் சிவந்திருந்த இடத்தை விரலால் தொட்டார். நாத்தனார் சண்டைக்காரர் அல்ல. சண்டைக்காரராக இருந்திருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உன்ன குறை சொல்லல. நீ பண்றத எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா இது போதாது."

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. இன்னும் ஒரு தடவை கூடுதலாகப் புரட்டிப் படுக்கவைத்தால் தீரும் குறையா இது? அல்லது ஆளே மாறினால்தான் தீருமா?

அலுவலகத்தில் பேச்சு நன்றாகவே போனது. வேலை நேரம், வீட்டின் அறைகள், அண்டை வீட்டார், சமையல். அப்பா சொல்லச் சொல்ல அவள் "நான்" என்றாள், "என் மகள்" என்றாள், "என் மனைவி போனபிறகு" என்றாள். பேச்சு இப்படி ஓடத் தொடங்கிவிட்டால் அவள் யோசிப்பதில்லை. காதில் விழுவது வாயில் வந்துவிடும்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேராக அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் நீங்கள் கொடுக்கும் கவனிப்பு அடிகுவேட், அதாவது போதுமானது, என்று நீங்களே நினைக்கிறீர்களா?

மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் திருப்பிக் கேட்காமலே ஆங்கிலத்தில் சொன்னாள். இல்லை, முதல் நாளிலிருந்தே நான் இன்அடிகுவேட்தான், எனக்கே தெரியும்.

அதிகாரி தட்டச்சு செய்தார். அவள் குரல் உடைந்திருந்ததை அவர் கவனித்தார், அதை அந்த அப்பாவின் துக்கமாகவே எடுத்துக்கொண்டார். திரையில் அந்த வரி அப்பாவின் பெயருக்கு எதிரே ஏறியது.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கேட்டாங்க அக்கா?"

7

இங்கே ஒரு வாரம் எழுதாமல் விட்டுவிட்டேன். சோம்பல் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

முதல் முடிவு: அவள் கேள்வியை இப்போது தமிழில் கேட்கிறாள், அப்பா ஏதோ சொல்கிறார், அதை இரண்டாவது பதில்போலச் சேர்த்துவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. அவள் வேலை பிழைக்கும். குழந்தை திரும்பாது. வாசகர்கள் இதை யதார்த்தம் என்று மெச்சுவார்கள். எனக்கு இதை எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது முடிவு: அதிகாரி உண்மையில் தமிழ் தெரிந்தவர், எல்லாவற்றையும் கவனித்துவிட்டுச் சிரிக்கிறார், பிறகு [இல்லை. இது ஏமாற்று வேலை.]

மூன்றாவது முடிவை என் மனைவியே சொன்னாள். குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ திருத்தணும். திருத்தலன்னா இனிமே நீங்க எழுதுறத எங்கிட்ட நீட்டாதீங்க."

"வேலை போயிடுமே. வீட்டுல அவன் அப்படிக் கிடக்கான்."

"போகட்டும். பாவம்தான். ஆனா அந்த மனுஷன் வாயில அவ வார்த்தைய வச்சிட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது."

இந்த மாதிரி நேரத்தில் இவளை எதிர்த்துப் பேச என்னால் முடியாது. தவிர, அவள் சொன்னதுதான் நியாயம்.

8

மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தினாள். இந்தத் தொழிலில் தன்னைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் "நான்" என்று சொல்லக் கூடாது, அந்தச் சொல் வாடிக்கையாளருக்கு உரியது. ஆகவே யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு தவறு செய்துவிட்டார். கடைசியாக வந்த பதில் இவருடையது அல்ல. கேள்வி இவரிடம் இன்னும் கேட்கப்படவே இல்லை. அந்தப் பதில் மொழிபெயர்ப்பாளருடையது.

அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு, இதை நான் உங்கள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். தெரியும் என்றாள். தொடர முடியுமா என்றார். மொழிபெயர்ப்பாளரால் முடியும் என்றாள். அதிகாரி தன் குடுவையிலிருந்து கொஞ்சம் வெந்நீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்தாள். தொண்டை சுட்டது, நன்றாக இருந்தது.

பிறகு அவள் அப்பாவின் பக்கம் திரும்பி, கேட்க வேண்டியதைக் கேட்டாள். வீட்டில் நீங்கள் கொடுக்கும் கவனிப்பு போதும் என்று நீங்களே நினைக்கிறீர்களா?

அவள் எதிர்பார்த்தது போதும் என்ற சொல்லை. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். வேலையைப் பணயம் வைத்துத் திருத்தியவளுக்கு அதையாவது கொடுக்கலாம் என்று இருந்தேன். ஆனால் அந்த மனிதர் என் பேச்சைக் கேட்கிறவராக இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போதாதுங்க."

அதிகாரியின் விரல்கள் எழுத்துகளின்மேல் வந்து நின்றன. அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க அனுமதி வேண்டும் என்றாள். விதியில் அதற்கு இடம் உண்டு. அதிகாரி தலையசைத்தார்.

"எது போதாதுன்னு சொல்றீங்க?"

அவர் அவ்வளவு நேரம் காப்பாற்றி வந்த சட்டையின் முன்பக்கத்தைத் தன்னையறியாமல் கையில் பிடித்துக் கசக்கினார்.

"அவ அழுதா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது அக்கா. அவங்கம்மாவுக்குத் தெரியும். நான் என்ன பண்ணுவேன், பேசாம பக்கத்துல போய் உக்காந்துக்குவேன். அவ அழுது முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அப்புறம் வேலைக்கு நேரமாயிடும். அது போதாது இல்ல?"

கடைசிக் கேள்வி அவளிடம் கேட்டது. அதற்கு அவள் பதில் சொல்லக் கூடாது. அவர் சொன்னதை மட்டும் சொல்லவேண்டும். அம்மா இல்லாததைச் சொன்னாரே, அதற்கு ஒரு சொல் இருக்கிறது. பேசத் தெரியாததைச் சொன்னாரே, அதற்கு வேறொரு சொல். நேரமாகிவிடுகிறது என்றாரே, அதற்கு இன்னொன்று. மூன்றையும் சேர்த்து அவர் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார், அவள் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எடுக்கும் சொல் உண்மையாக இருக்கவேண்டும். கருணைக்காகக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எங்கோ ஒரு வீட்டில் குழந்தை, தன்னை எழுப்புவதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும் என்று இருக்கிறது.

அகராதியின் மூன்று பதிவுகளையும் உதாரண வாக்கியம் இல்லாமலே தலைமைத் தொகுப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். என்னால் ஆகவில்லை என்று எழுதினேன். அவர் வருத்தப்படவில்லை. அந்தக் கட்டு வேறு யாருக்கோ போயிருக்கும்.

இனி நான் இதைத் தொடப்போவதில்லை. மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைக் காலி செய்துவிடவில்லை, ஆனால் அவளுக்கும் வாய் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டிருக்கிறாள். உட்காருங்கள். மூன்று சொற்களுக்கும் அர்த்தம் தெரிந்துகொண்டீர்கள், அவர் சொன்னதையும் கேட்டீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அதிகாரி காத்திருக்கிறார்.

சொல்லுங்கள்.